தரீத் முதல் பாஸ்தா வரை: ஒரு புதன்கிழமை இரவுணவின் வரலாறு

அன்று புதன்கிழமை, பௌர்ணமியும் கூட. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் அனைத்தும் கிரிவலம் செல்லும் பக்தர்களால் நிரம்பியிருந்தன. செஞ்சியில் வேலை முடித்துக் கீழ்பென்னாத்தூர் திரும்பும் என் கணவர், தாம் வரத் தாமதமாகும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மஃக்ரிப் தொழுகையை முடித்துவிட்டு நான் சமையலறைக்குள் நுழைந்தேன். காலையில் வாங்கிக் கொத்தி வைத்திருந்த மாட்டிறைச்சி அரைக் கிலோ இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பல நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்த பாஸ்தா பொட்டலத்தை எடுத்து என்முன் வைத்தாள். காரமும் பாலாடையும் சேர்த்து, இறைச்சியோடு அதைச் செய்து தர வேண்டும் என்பது அவளது விருப்பம்.

தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்த என் மாமியார் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் நம்ம சாப்பாடாம்மா?" என்று கேட்டார்.

அதில் கோபம் இல்லை, கவலை இருந்தது. நோன்புக் கஞ்சியும் நெய்ச்சோறும் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிடுமோ என்ற கவலை அது. நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி வெவ்வேறு சொற்களில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளியில் வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு அது வெறும் அடுக்களைக் கேள்வியாகத் தோன்றவில்லை. "நம் சாப்பாடு" என்பது எது? அதை முடிவு செய்வது யார்? அன்றிரவு அவருக்கு என்னால் முழுமையான விடை சொல்ல இயலவில்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கோதுமையும் இறைச்சிச் சாறும்

கோதுமையையும் இறைச்சியையும் ஒரே தட்டில் சேர்ப்பது நம் மார்க்க வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட உணவுகளில் ஒன்று 'தரீத்'. ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து, சூடான இறைச்சிச் சாற்றில் ஊறவைத்து உண்பதே தரீத் ஆகும். ஏனைய பெண்களைவிட ஆயிஷா (ரலி) அவர்களுக்குள்ள சிறப்பை, ஏனைய உணவுகளைவிடத் தரீதுக்குள்ள சிறப்போடு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் பதிவாகியுள்ளது. காய்ந்த ரொட்டி சாற்றை உறிஞ்சி மென்மையாகிறது; இறைச்சியின் சுவை மாவுக்குள் இறங்குகிறது. பிற்காலத்தில் தோன்றிய பல உணவுகளின் அடிப்படை இதுவே.

அப்பாசியர் காலத்துப் பக்தாதில் இந்த அடிப்படை மேலும் வளர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஷோ பர் அலி என்ற கிறிஸ்தவ மருத்துவர் தொகுத்த அகராதியில் 'இத்ரிய்யா' என்ற சொல் இடம்பெறுகிறது. கோதுமை ரவையைப் பிசைந்து இழைகளாக்கி, உலர்த்தி, பின்னர் வேகவைக்கும் உணவு என்று அதற்கு அவர் பொருள் தருகிறார். இதில் 'உலர்த்தி' என்பதே முக்கியமானது. உடனே சமைத்து உண்ணும் ஈர மாவுக்கும், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் உலர்ந்த இழைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

1226-ஆம் ஆண்டில், அதாவது மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னர், முஹம்மத் இப்னு அல்-ஹசன் அல்-பக்தாதி ஒரு சமையல் நூலை எழுதி முடித்தார். 'கிதாபுத் தபீஃக்' என்று பெயர்பெற்ற அந்நூலில் 'ரிஷ்தா' என்ற உணவின் செய்முறை உள்ளது. கொழுப்புள்ள இறைச்சியை நடுத்தரத் துண்டுகளாக நறுக்கி, பட்டை, உப்பு, கொண்டைக்கடலை, பருப்பு ஆகியவற்றுடன் வேகவைக்க வேண்டும். மாவை நன்கு பிசைந்து மெல்லியதாகத் தேய்த்து, நான்கு விரல் நீள இழைகளாக நறுக்கி அந்தச் சாற்றில் இட வேண்டும். அச்செய்முறையைப் படித்தபோது நான் சற்று நேரம் வியந்து நின்றேன். தட்டிலிருந்த பெயரை மட்டும் மாற்றினால், என் மகள் கேட்ட உணவுக்கும் அதற்கும் இடையே பெரிய தொலைவு இல்லை.

சிசிலியிலிருந்து சென்ற கப்பல்கள்

இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவு 9-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 827-இல் படையெடுப்புத் தொடங்கியது; 1072-இல் தலைநகர் பலெர்மோ நார்மானியர் வசமாயிற்று. ஆட்சி மாறினாலும் அறிவும் தொழிலும் உடனே மாறிவிடவில்லை. நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர், அல்-இத்ரீசி என்ற முஸ்லிம் புவியியல் அறிஞரைத் தம் அவையில் வைத்து உலகின் நிலவியலை எழுதச் செய்தார். அந்த நூல் 1154-இல் நிறைவுற்றது.

பலெர்மோவை அடுத்துள்ள தராபியா என்ற ஊரைப் பற்றி அதில் ஒரு குறிப்பு வருகிறது. வற்றாத நீரோடைகளும் அவற்றால் சுழலும் மாவு ஆலைகளும் நிறைந்த ஊர் அது. அங்கே இத்ரிய்யா மிகுதியாகச் செய்யப்பட்டு, கலாபிரியாவுக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ நாடுகள் பலவற்றுக்கும் கப்பல்களில் அனுப்பப்பட்டதாக அல்-இத்ரீசி எழுதுகிறார். உலர்ந்த பாஸ்தா பெருமளவில் தயாரிக்கப்பட்டு ஏற்றுமதியானதற்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான சான்றுகளில் இது ஒன்றாகும்.

உலர்ந்த இழைக்கு அத்தனை தேவை எழுந்தது ஏன்? கடலில் நெடுநாள் செல்பவருக்கும் பாலைவழியில் பயணிப்பவருக்கும் கெடாத உணவு வேண்டும். அடுப்பு மூட்டியதும் விரைவில் வேகும் உணவும் வேண்டும். இரண்டையும் இத்ரிய்யா தந்தது. இன்று வேலையிலிருந்து களைத்துத் திரும்பும் ஒரு தாய் பாஸ்தா பொட்டலத்தை எடுப்பதற்கும் காரணம் அதுவே. வாரநாள் இரவுக்கு ஏற்ற உணவாக இருப்பது அதற்குப் புதிதாக வந்த பண்பன்று. அது பிறந்ததே அவசரக்காரருக்காகத்தான்.

அந்த அரபுச் சொல்லும் மறைந்துவிடவில்லை. தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில் கொண்டைக்கடலையோடு பாஸ்தா சேர்த்துச் செய்யும் ஓர் உணவுக்கு இன்றும் 'சீச்சேரி எ த்ரியா' என்றே பெயர். இதிலுள்ள 'த்ரியா' நம் இத்ரிய்யாதான். ஸ்பெயினில் வழங்கும் 'ஃபிதேயோ' என்ற சொல்லும், அந்தலுசிய முஸ்லிம்கள் வழங்கிய 'ஃபிதாவ்ஷ்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகும்.

பெருமைக்கும் ஓர் எல்லை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. "பாஸ்தாவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்று ஒரு வரியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. உண்மையல்லாததைப் பரப்புவது, நம் முன்னோரைப் புகழ்வதற்காகவே ஆயினும், நமக்கு ஆகுமானதன்று.

சீனாவின் லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்த கிண்ணம் ஒன்றின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் பழைமையான நூடுல்ஸ் கிடைத்த செய்தி 2005-இல் வெளியானது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் மாவுத் தகடுகளைச் சமைத்து உண்டனர். இடியாப்பம் பிழியும் நம் தமிழ்நாட்டு அச்சும், 17-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் பரவிய பாஸ்தா பிழியும் பொறியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவையே. துளைகள் வழியாக மாவை அழுத்தி இழையாக்கும் அறிவு எந்த ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று.

அதேபோல், மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்ற கதையும் பிழையே. அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னரே, 1279-இல், ஜெனோவா நகர ஆவணம் ஒன்று இறந்த ஒருவரின் உடைமைகளைப் பட்டியலிடுகையில் ஒரு கூடை மக்கரோனியையும் சேர்த்துக் குறிக்கிறது. போலோவின் கதை பரவியதற்கு 1929-இல் அமெரிக்கப் பாஸ்தா வணிகர்களின் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை பெருங்காரணமாயிற்று. விளம்பரத்துக்காக எழுதப்பட்ட கதை, காலப்போக்கில் வரலாறாகிவிட்டது.

எனவே நாம் நிதானமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: உலர்ந்த கோதுமை இழையைச் செம்மைப்படுத்தி, அதை நாடுவிட்டு நாடு செல்லும் வணிகப் பொருளாக்கியதில் அரபு மொழி பேசிய உலகிற்குப் பெரும்பங்கு உண்டு. அந்த உலகில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருந்தனர். அந்தப் பங்கே நமக்குப் போதுமானது.

மிளகாயும் தக்காளியும் வந்த வழி

"காரமாக வேண்டும்" என்று மகள் கேட்டபோது என் கை தானாகவே மிளகாய்த்தூள் டப்பாவை நாடியது. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நம்மால் எண்ணிப்பார்க்கவும் இயலாது. ஆயினும் மிளகாய் இந்த மண்ணுக்கு வந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அது, 1492-க்குப் பின் ஐரோப்பியரால் கடல்கடந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கரையில் பரவியது. அதற்கு முன்னர் நம்மிடம் காரம் என்றால் மிளகும் இஞ்சியும்தான். புதிதாக வந்த காயை 'மிளகு போன்ற காய்' என்று கண்ட நம் முன்னோர் அதற்கு 'மிளகாய்' என்றே பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர்.

தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததே. பாஸ்தாவும் தக்காளியும் இணைபிரியாதவை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பாஸ்தாவோடு தக்காளிச் சாறு சேர்க்கும் செய்முறை இத்தாலிய நூலில் முதன்முதலாக அச்சேறியது 1790-இல்தான். அதாவது, இத்தாலியரின் 'பாரம்பரிய' உணவின் வயது, செஞ்சிக் கோட்டையில் நவாப் சஆததுல்லா கான் 1717–18-இல் கட்டிய பள்ளிவாசலின் வயதைவிடவும் குறைவு. பாரம்பரியம் என்று நாம் பெயரிடுபவற்றுள் பெரும்பாலானவை, ஒருகாலத்தில் ஏதோ ஒரு மாமியார் ஐயத்தோடு பார்த்த புதுமைகளாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆவாரம் பட்டையும் உழவு மாடும்

இனி, அந்தத் தட்டில் உள்ள இறைச்சியின் கதைக்கு வருவோம். அது தொலைதூரக் கதையன்று. நம் மண்ணின் கதை.

1989-இல் பிரிக்கப்படும் வரை திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் முஸ்லிம் வணிகர்களால் வளர்ந்தது. இரசாயனப் பொருள்கள் பரவுவதற்கு முன்னர், தோலைப் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. நம் வறண்ட செம்மண் நிலத்தில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியே ஒரு பெருந்தொழிலின் மூலப்பொருளாக இருந்தது. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டபோது, பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தை எளிதில் அடைந்தது. முதல் உலகப்போரில் படைவீரர்களின் காலணிகளுக்கான தேவை இத்தொழிலை மேலும் பெருக்கியது.

தோல் இருக்கும் இடத்தில் இறைச்சியும் இருக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மாட்டிறைச்சிப் பிரியாணி உழைப்பாளிகளின் அன்றாட உணவானதன் பின்னணி இதுவே. முஸ்லிம்கள் மட்டுமல்லர், தலித் மக்களும் கிறிஸ்தவர்களும் இந்த உணவை நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். ஆட்டிறைச்சியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும் இந்த இறைச்சி, குறைந்த வருவாயுள்ள குடும்பங்களுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் தரும் அருட்கொடையாக இருந்துள்ளது.

இதன் மறுமுனையில் நிற்பவர் உழவர். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை புகழ்பெற்றது. உழவுக்கு நல்ல காளையை வாங்கவும், உழைத்து ஓய்ந்த மாட்டை விற்கவும் உழவருக்குச் சந்தை தேவைப்பட்டது. பழைய மாட்டுக்குக் கிடைத்த விலையே புதிய மாட்டை வாங்கும் முதலில் ஒரு பங்காயிற்று. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இந்த நடைமுறையை ஒட்டியே அமைந்தது. பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாட்டைத் தகுதியான அலுவலரின் சான்றோடு அறுக்கலாம் என்கிறது அச்சட்டம். 1976-இல் பசுக்களையும் கிடேரிகளையும் அறுப்பது அரசாணையால் தடைசெய்யப்பட்டது. 2017 மே மாதத்தில், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. சில நாட்களிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது.

சட்டத்தின் எல்லைக்குள் நின்று, ஹலாலான முறையில் அறுக்கப்பட்ட இறைச்சியை வாங்கி உண்பதில் நம் பிள்ளைகள் நாணமோ அச்சமோ கொள்ளத் தேவையில்லை. என் மகள் ஒருமுறை, பள்ளியில் தோழியர் கேட்டபோது "ஆட்டுக்கறி" என்று பொய் சொல்லிவிட்டதாக என்னிடம் கூறினாள். அந்தச் சிறு பொய் என்னை வருத்தியது. உணவு ஹலாலாக இருக்கும்போது, அதைப் பற்றிய சொல் மட்டும் ஏன் பொய்யாக வேண்டும்? சொல்ல விருப்பமில்லையெனில் மௌனமாக இருக்கலாம். பொய் சொல்ல வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

தக்கடியும் ஷீர் குருமாவும்

மாமியாரின் கேள்விக்கு மிகச் சிறந்த விடை பக்தாதிலோ சிசிலியிலோ இல்லை. நம் வீட்டிலேயே இருந்தது.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் 'தக்கடி' என்றோர் உணவு உண்டு. அரிசி மாவைத் தேங்காயோடு பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பிடித்து, இறைச்சி மசாலாவில் இட்டு வேகவைப்பார்கள். உருண்டைகள் சாற்றை உறிஞ்சிக்கொள்ள, குழம்பு மாவால் கெட்டிப்படும். இத்தாலியர் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை இறைச்சிச் சாற்றில் சேர்த்துண்பதும் இதே முறைதான். மாவு இங்கே அரிசி, அங்கே கிழங்கு, வேறுபாடு அவ்வளவே.

அடுத்து, ஒவ்வொரு நோன்புப் பெருநாளிலும் நம் வீடுகளில் மணக்கும் ஷீர் குருமா. பாரசீக மொழியில் 'ஷீர்' என்றால் பால். 'குர்மா' என்றால் பேரீச்சம்பழம். நெய்யில் வறுத்த கோதுமைச் சேமியாவைக் காய்ச்சிக் குறுக்கிய பாலில் வேகவைப்பதே ஷீர் குருமா. பாலின் வழவழப்பில் ஊறிய கோதுமை இழை என்று பார்த்தால், அதுவும் பாலாடைப் பாஸ்தாவின் உறவினர்தான். ஒன்று இனிப்பு, மற்றொன்று காரம்.

இதை நான் சொன்னபோது மாமியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் இளமைக்காலத்தைச் சொல்லத் தொடங்கினார். ரமலான் பிறப்பதற்கு முன்னர், தெருவிலேயே ஒரு வீட்டில் மட்டும் இருந்த சேமியா இயந்திரத்தை வாங்கி வந்து கட்டில் சட்டத்தில் திருகிப் பொருத்துவார்களாம். ஒருவர் மாவை உள்ளே தள்ள, ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, சிறுமிகள் இழைகளை அறுந்துவிடாமல் ஏந்திச் சென்று வெள்ளைத் துணியில் காயவைப்பார்களாம். மாவில் நீர் மிகுந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் முறிந்துவிடும். கடும் வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்பதால் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்த வேண்டும்.

அவர் சொன்ன ஒவ்வொரு நுணுக்கமும் பாஸ்தா செய்வோரின் நுணுக்கமே. மெதுவாக உலர்த்தாவிட்டால் இழை வெடிக்கும் என்பதை அவரும் அறிந்திருந்தார். சிசிலியின் ஆலைக்காரரும் அறிந்திருந்தார். "அப்படின்னா நன்னிமா, நீங்க சின்ன வயசுலயே பாஸ்தா செஞ்சிருக்கீங்க!" என்றாள் என் மகள். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார்.

மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே

மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் உண்டு. வாரநாளில் ஒரு குடும்பத்துக்கான இரவுணவை முடிக்க அது போதும். இங்கே ஒரு தடை மட்டும் உண்டு. நம் பகுதியில் கிடைப்பது பெரும்பாலும் உழைத்து முதிர்ந்த மாட்டின் இறைச்சி. அதன் தசைகளை இணைக்கும் நார்ப்பகுதி கடினமானது. ஈரச்சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் இளகும். நம் பாட்டிமார் விறகடுப்பில் மணிக்கணக்கில் கறியை வேகவைத்தது இதனால்தான். பிரஷர் குக்கருக்குள் நீர் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால் அந்த வேலை சில விசில்களில் முடிந்துவிடுகிறது. நீராவியை அடைத்து எலும்பையும் இளக்கும் கலத்தை டெனி பாப்பென் என்பவர் 1679-இல் இலண்டனில் செய்து காட்டினார். நம் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது 1950-களின் இறுதியில் இந்தியாவிலேயே குக்கர் தயாரிப்புத் தொடங்கிய பின்னர்தான். முதிர்ந்த மாட்டின் கறியை வாரநாள் இரவுக்கு உரியதாக்கியது இந்தக் கலமே.

எங்கள் வீட்டில் செய்யும் முறை இது. அரைக் கிலோ கொத்துக்கறிக்கு, இரண்டு பெரிய வெங்காயம், ஒரு பெரிய கரண்டி இஞ்சி பூண்டு விழுது, சிறு துண்டு பட்டை, அரைக் கரண்டி சோம்புத்தூள் ஆகியவற்றைக் குக்கரில் வதக்குகிறேன். கறியைச் சேர்த்து, ஈரம் வற்றி நிறம் மாறும் வரை கிளறுகிறேன். பின்னர் மூன்று தக்காளி, ஒன்றரைக் கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, அரை டம்ளர் நீர் சேர்த்து, ஐந்து விசில் விடுகிறேன். அதே நேரத்தில் மற்றோர் அடுப்பில் மூன்று லிட்டர் நீரை உப்பிட்டுக் கொதிக்கவைத்து, 300 கிராம் பாஸ்தாவை முழுவதும் குழைந்துவிடாமல், நடுவில் சற்றே உறுதியிருக்கும் பதத்தில் வடிக்கிறேன். வடித்த நீரில் ஒரு டம்ளரை எடுத்து வைப்பது அவசியம். மாவு கரைந்த அந்த நீரே குழம்பையும் பாஸ்தாவையும் இணைக்கிறது. சோறு வடித்த கஞ்சியின் அருமை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறி வெந்ததும் பாஸ்தாவையும் அந்த நீரையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்த பிறகே பாலாடை சேர்க்கிறேன். தக்காளியின் புளிப்பும் கொதிக்கும் சூடும் ஒன்றுசேர்ந்தால் பால் திரிந்துவிடும். சூடு தணிந்தபின் சேர்த்தால் திரியாது. கடையில் வாங்கும் கிரீம் இல்லாத நாளில், காய்ச்சிய பாலின் ஏட்டை எடுத்து மத்தால் கடைந்து சேர்த்தாலும் சுவை குறைவதில்லை. இறுதியில் புதிதாக இடித்த மிளகுத்தூள். மிளகாய் வருவதற்கு முன் இந்த மண்ணின் காரமாக இருந்ததற்கும் தட்டில் ஓர் இடம் தர வேண்டுமல்லவா?

பொட்டலத்தில் வரும் பொருள்களைப் பற்றி ஒரு சொல். பாஸ்தா வெறும் கோதுமை ரவைதான். அதில் சிக்கல் இல்லை. ஆனால் சீஸ் வாங்கும்போது, பாலை உறையவைக்கப் பயன்படும் நொதி விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பச்சைக் குறியிட்ட சீஸில் அந்த ஐயம் எழாது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்தச் சாறுகள் சிலவற்றில் மது சேர்க்கப்படுவதுண்டு. உறையின் பின்புறத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும்; ஹலாலைப் பேணும் பழக்கம் பிள்ளைகளிடம் அந்த ஒரு நிமிடத்தில்தான் உருவாகிறது.

அண்டை வீட்டின் கதவு

நாங்கள் வாழ்வது அண்ணாமலையின் நிழலில். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க, எங்கள் ஊர் வழியாகவே பல்லாயிரவர் செல்கின்றனர். எங்கள் பக்கத்து வீட்டினர் அந்நாளில் விரதம் இருப்பார்கள். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் எண்ணிப்பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உள்ளது. அண்டை வீட்டார் உண்ணாத ஒன்றைச் சமைக்கும்போது அந்த அறிவுரையை எவ்வாறு நிறைவேற்றுவது?

எங்கள் மாமியார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். இறைச்சி சமைக்கும் நாளில் அவர்களுக்கெனத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியால், வேறொன்று செய்து அனுப்புவார். அது பெரும்பாலும் சேமியாப் பாயசமாக இருக்கும். அவர்களும் பொங்கலன்று நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தனுப்புவார்கள். நாம் உண்பதை மறைக்கவும் வேண்டாம். பிறர் முகத்தில் திணிக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் இடையே கண்ணியமான ஒரு நடைபாதை இருக்கிறது. நம் முன்னோர் இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதில்தான் நடந்து வந்தனர்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பாஸ்தாவை இறக்கியபின், மகள் பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டு சென்றாள். கணவர் வீடு சேர்ந்தபோது இஷா பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. தொழுது முடித்து, விரிப்பைச் சுற்றி அனைவரும் அமர்ந்தோம். மாமியார் பிஸ்மில்லாஹ் சொல்லி, கரண்டியை ஒதுக்கிவிட்டு, வலக்கையால் ஒரு பிடி எடுத்து உண்டார். "கறி நல்லா வெந்திருக்கு. அடுத்த தடவை கொஞ்சம் கொத்தமல்லி தூவும்மா" என்றார்.

'நம் சாப்பாடு' எது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை அதுவே. ஹலாலாக ஈட்டி, ஹலாலாக வாங்கி, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, அண்டை வீட்டாரை மறவாமல் உண்ணும்போது அது நம் சாப்பாடாகிறது. பெயர் எந்த மொழியில் இருந்தாலும், ஒரு மூத்தவர் "கொஞ்சம் கொத்தமல்லி தூவு" என்று சொல்லிவிட்டால், அந்த உணவு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். மிளகாயும் ஒருநாள் அப்படித்தான் வந்திருக்கும்.